இயக்குநரின் குழியில் ஒன்றும் விழவில்லை

வண்டம்மாவுக்கு அப்பா அம்மா வைத்த பெயர் வேறு. சாணவண்டைத் தேடிக் காட்டுக்குள் அலைகிறவளை வேறு எப்படிக் கூப்பிடுவது என்று அலுவலகத்தில் யாரோ ஆரம்பித்துவைக்க, அதுவே ஒட்டிக்கொண்டது. பழைய பெயர் சம்பளச் சீட்டில் மட்டும்தான் மிச்சம். அதுவும் ஒப்பந்தச் சம்பளம். மழை முடிந்ததும் கணக்கெடுப்பு அறிக்கையை நீட்டினால் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படும். நீட்டாவிட்டால் நாத்தனார் புருஷனுடைய டைல்ஸ் கடையில் போய்க் கல்லாவில் உட்கார வேண்டியதுதான். அந்த மனிதர் பார்க்கும்போதெல்லாம் விசாரிப்பார், "இன்னும் பீ அள்ளி முடியலையா?" என்று.

அந்த வருஷம் முதல் மழை பெய்த அன்று அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. முதல் மழைக்குத்தான் வண்டுகள் மண்ணைப் பிளந்துகொண்டு வெளியே வரும். சில வாரம் ஆட்டம் போட்டுவிட்டு மறுபடியும் மண்ணுக்குள் போய்விடும். அதற்குள் எண்ணினால் உண்டு.

எண்ணுகிற முறை எளிது. ஒரு பிளாஸ்டிக் டம்ளரை விளிம்புவரை மண்ணில் புதைக்க வேண்டும். மேலே குறுக்காக ஒரு குச்சி. குச்சியில் இரையைத் துணியில் முடிந்து தொங்கவிட வேண்டும். வாடைக்கு வருகிற வண்டு தவறி டம்ளருக்குள் விழும். மறுநாள் எண்ணி, இனம் பிரித்து எழுதிக்கொள்ளலாம். சிக்கல் எல்லாம் அந்த இரையில்தான். யானை, மான் எதனுடைய சாணத்தையும்விட மனிதனுடையதற்குத்தான் வண்டுகள் அடித்துப் பிடித்துக்கொண்டு வரும். துறைக்காரர்கள் எல்லாருக்கும் இது தெரியும். கல்யாண வீடுகளில் சொல்லிக்கொள்வதில்லை, அவ்வளவுதான்.

வண்டம்மாவுக்கு இரை கொடுத்துவந்தவர் அவளுடைய கணவர். டவுன் பஸ் டிரைவர். விடியற்காலை முதல் பஸ் எடுக்கிற மனிதருக்கு ஒழுங்கு வயிற்றிலேயே ஊறியிருந்தது. கல்யாணமான புதிதில் இதை அவரிடம் எப்படிக் கேட்பது என்று அவள் பல நாள் தவித்தாள். கேட்டபோது அவர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "எவ்வளவு வேணும்?" என்றார். அன்றைக்குத்தான் இந்த மனிதரோடு காலம் தள்ளிவிடலாம் என்று அவளுக்கு உறுதிப்பட்டது.

ஆக, அன்றும் மூடி போட்ட டப்பாவைப் பையில் வைத்துக்கொண்டு சோதனைச்சாவடிக்குப் போனாள். சாவடியில் இருந்த கேட்காரர் நல்ல மனிதர். வருஷக்கணக்காக அவளைப் பார்த்துக் கையசைத்து உள்ளே அனுப்புகிறவர். அன்று கையசைக்காமல் எழுந்து வந்தார். புதுச் சுற்றறிக்கையாம், எல்லாப் பையையும் திறந்து பார்க்க வேண்டுமாம்.

"டப்பாவுல என்ன வண்டம்மா?"

"இரை அண்ணே. எப்பவும் கொண்டுபோறதுதான்."

கேட்காரர் திறந்தார். உடனே மூடினார். கண்ணில் நீர் வந்தது. ஆனாலும் சுற்றறிக்கை சுற்றறிக்கைதானே. வெளியே இருந்து எந்த உயிர்ப்பொருளும் உள்ளே போகக் கூடாது, மீறி வந்தால் பறிமுதல் செய்ய வேண்டும் என்று போட்டிருந்தது. பறிமுதல் செய்தார். கொள்கலனையும் பொருளையும் தனித்தனியாக வைக்க வேண்டும், பொருள் எப்போதும் கண்ணில் படும்படி இருக்க வேண்டும் என்றும் விதி சொன்னது. எனவே டப்பாவை அலமாரியில் வைத்துப் பூட்டினார். பொருளைச் சாவடிக்குப் பின்னால், கூரை இறவாணத்துக்குக் கீழே தரையில் கொட்டி, பக்கத்தில் ஒரு குச்சி நட்டு, எண் எழுதிய அட்டையைக் கட்டினார். மூக்கைப் பொத்திக்கொண்டு ஒரே ஒரு சல்யூட்டும் வைத்தார். அரசாங்கப் பொருளாகிவிட்டதல்லவா.

வண்டம்மா கண்காணிப்பாளரிடம் ஓடினாள். அலுவலகத்தில் இயக்குநருக்கு அடுத்தவர் அவர். மேஜை மீது ஒரு துரும்பு கிடந்தாலும் துரும்புக்கு யார் அனுமதி கொடுத்தது என்று கேட்கிறவர். அவள் சொன்னதையெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

"இது பாதுகாக்கப்பட்ட காடும்மா. வெளிய இருந்து ஒண்ணும் உள்ள வரக் கூடாது. உள்ள இருந்து ஒண்ணும் வெளிய போகக் கூடாது. அதுக்குப் பேருதான் பாதுகாப்பு. உள்ள என்ன இருக்குன்னு நாம தெரிஞ்சுக்கணும்னு சட்டத்துல எங்கயும் சொல்லலை."

உள்ளேயே கிடக்கிற யானைச் சாணத்தை எடுத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டாள். அது வனவளம், கிடந்த இடத்திலிருந்து ஓரடி நகர்த்தினாலும் கடத்தல் என்றார். தயங்கித் தயங்கி, அப்படியானால் தானே காட்டுக்குள் போய் வேண்டியதைத் தயார் செய்துகொள்ளலாமா என்று கேட்டாள். வனத்தை அசுத்தப்படுத்துவது தண்டனைக்குரிய குற்றம் என்று சுவரில் மாட்டியிருந்த பலகையைக் காட்டினார். பலகையில் குந்தியிருக்கும் ஓர் ஆளின் படம் போட்டுக் குறுக்கே கோடு கிழித்திருந்தது.

வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது. அவளுடைய வண்டுகள் வெளியே வந்து பறந்துகொண்டிருக்கும். இங்கே நாற்காலியில் உட்கார்ந்து ஈ ஓட்டிக்கொண்டிருக்கிறோமே என்று அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை.

கடைசியில் கண்காணிப்பாளர் ஒரு வழி கண்டுபிடித்தார். ஒரு குழு. இரைத் தரநிர்ணயக் குழு என்று அதற்குப் பெயர். நீள மேஜையைச் சுற்றி உட்கார்ந்து, பிஸ்கட் தின்றுகொண்டே, யாருடையது உகந்தது என்று பேசினார்கள். பஸ் டிரைவருடையது கூடாது என்பதில் யாருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. அவர் இந்த அலுவலகத்துக்கு வெளி ஆள். நாளைக்கு ஏதாவது ஒன்று என்றால் அவர் மேல் ஒழுங்கு நடவடிக்கை எடுக்க முடியாது. ஊழியருடையதாக இருந்தால்தான் பொறுப்பு இருக்கும்.

ஊழியர்களில் யார் என்று வந்ததும் அறை சூடானது. காட்டின் நட்டநடு மையப் பகுதியில் ஒரு சாதாரண எழுத்தருடையது தொங்குவதா என்று ஒருவர் கேட்டார். பதவிக்கு ஏற்ற இடம் வேண்டும் என்று இன்னொருவர் சொன்னார். மையப் பகுதி இயக்குநருக்கு, இடைப் பகுதி கண்காணிப்பாளருக்கு, ஓரத்து எல்லைப் பகுதி கேட்காரருக்கு என்று ஏகமனதாக முடிவாயிற்று. கேட்காரரிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லை. அவர் கடைநிலை ஊழியர். இயக்குநரிடம் சம்மதம் கேட்கத்தான் ஒரு வாரம் காத்திருந்தார்கள்.

அந்த வாரம் வண்டம்மா தூங்கவே இல்லை. ராத்திரி ஜன்னலில் விளக்கைப் பார்த்து வந்து மோதுகிற வண்டுகளை எண்ணுவாள். கணவர் புரண்டு படுத்து, "அதுங்க நம்மளத் தேடி வீட்டுக்கே வந்துடுச்சு போல" என்பார். அவள் சிரிக்கவில்லை.

இயக்குநர் சம்மதித்தார். அதோடு விடவில்லை, ஒரு தொடக்க விழாவுக்கும் உத்தரவிட்டார். விழாவுக்கு வருகிறவர்களின் ஷூ பாழாகிவிடக் கூடாதென்று கண்காணிப்பாளர் ஆட்களை விட்டு மையப் பகுதிப் பாதையில் கிடந்த சாணம் அத்தனையையும் அள்ளி அப்புறப்படுத்தினார். யானை போட்டது, மான் போட்டது எதுவும் மிஞ்சவில்லை. ஓரடி நகர்த்தினால் கடத்தல் என்றீர்களே என்று வண்டம்மா கேட்டாள். இது கடத்தல் இல்லை, ஏற்பாடு என்றார்.

விழா நாளன்று பந்தல் போட்டு, நாற்காலி போட்டு, குழியைச் சுற்றி ரிப்பன் கட்டினார்கள். இயக்குநர் பேசினார். நல்ல உயரம், நல்ல குரல், ஓய்வு பெறப் போகிற வயது.

"முப்பது வருஷமா இந்தக் காட்டுக்கு எவ்வளவோ கொடுத்திருக்கேன். வெளிய தெரியறதில்லை. எனக்கு முன்னாடி இருந்தவங்க கொடுத்தாங்களா? சரித்திரத்தைப் புரட்டிப் பாருங்க. இன்னிக்கு நான் கொடுக்கறது எனக்குள்ள இருந்து கொடுக்கறது. வருங்காலத் தலைமுறை இதை மறக்காது."

கைதட்டினார்கள். வெல்வெட் துணி போர்த்திய தட்டைக் கண்காணிப்பாளர் இரண்டு கையாலும் ஏந்தி வந்தார். துணியை விலக்கியதும் வண்டம்மா மூக்கை உறிஞ்சிப் பார்த்தாள். வர வேண்டிய வாடை வரவில்லை. மல்லிகை வாசம் வந்தது. இயக்குநருடையது நாறுவதா என்று கண்காணிப்பாளர் மரியாதைக்காக அதன் மேல் அரை பாட்டில் சென்ட் அடித்திருந்தார். அவள் காதோரமாகச் சொல்லிப் பார்த்தாள். சிரித்த முகமாக இரும்மா, போட்டோ எடுக்கிறார்கள் என்று அவர் பல்லைக் கடித்தார்.

மறுநாள் குழிகளைப் பார்த்தாள். எல்லைப் பகுதியில் கேட்காரருடைய டம்ளர் விளிம்புவரை வண்டுகளால் நெளிந்தது. கறுப்பு, தாமிரச் சிவப்பு, பச்சை, கொம்பு வைத்தது, கொம்பில்லாதது எல்லாம் இருந்தன. சந்தோஷத்தில் மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டாள். இடைப் பகுதியில் கண்காணிப்பாளருக்குச் சுமாராக விழுந்திருந்தது. மையப் பகுதியில் இயக்குநரின் டம்ளர் கழுவிக் கவிழ்த்த மாதிரி காலியாக இருந்தது. ஓர் எறும்புகூட இல்லை. மறுநாளும் அப்படித்தான். அதற்கு மறுநாளும்.

கண்காணிப்பாளர் அவளை அறைக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். கேட்காரருக்கு மேல் இயக்குநர் இருக்க வேண்டும், கீழே இருக்க முடியாது, இது நிர்வாகத்தின் அடிப்படை என்று விளக்கினார். கேட்காரர் டம்ளரில் இருக்கும் வண்டுகளில் பாதியை மையப் பகுதிக்கு அயல்பணியில் அனுப்பிவிடலாம் என்றார்.

"அது முடியாது சார். ஓரத்துல இருக்கற வண்டு இனம் வேற, உள்காட்டு இனம் வேற. இது அங்க இருக்காது."

"இடமாற்றம்னா யாருக்கும்மா பிடிக்கும்? போனா பழகிடும்."

அவள் மாட்டேன் என்றாள். சென்ட் அடித்ததால்தான் வண்டு வரவில்லை என்று அறிக்கையில் எழுதிவிடுகிறேன் என்றாள். அவர் முகம் வெளுத்துவிட்டது. கொஞ்ச நேரம் பேனாவை உருட்டிக்கொண்டிருந்தார். பிறகு, தொடக்க விழாக் கணக்கைச் சோதனை ஓட்டம் என்று தள்ளுபடி செய்துவிட்டு, மூன்று குழியிலும் புதிதாக எண்ணலாம் என்று குழுவைக் கூட்டித் தீர்மானம் போட்டார். அந்தத் தீர்மானம் கையெழுத்தாகிக் கீழே வருவதற்குள் மழை நின்று, மண் இறுகி, வண்டுகள் உள்ளே போய்விட்டன. புதிதாக எண்ணியபோது இயக்குநருக்கும் பூஜ்யம், கண்காணிப்பாளருக்கும் பூஜ்யம், கேட்காரருக்கும் பூஜ்யம். யாரும் யாருக்கும் மேலே இல்லை.

காட்டில் சாணவண்டு கிடையாது, ஆகவே சாணம் கிடையாது, ஆகவே காடு சுத்தம் என்று கண்காணிப்பாளரே அறிக்கை எழுதி, கையெழுத்துக்கு அவள் முன்னால் வைத்தார். பக்கத்திலேயே ஒப்பந்தப் புதுப்பிப்பு ஆணையையும் வைத்தார். முதலில் இதில் நீங்கள், பிறகு அதில் இயக்குநர் என்றார். வண்டம்மாவுக்கு டைல்ஸ் கடையின் கல்லா கண்ணுக்குள் வந்தது. அந்த மனிதரின் சிரிப்பும் வந்தது. கையெழுத்துப் போட்டாள். வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டே போனாள். வாழ்நாளில் எத்தனையோ சாணத்தைத் தொட்ட கைதான். அன்று மட்டும் அது அழுக்காக இருந்தது.

அந்த வருஷத்தின் மிகத் தூய்மையான வனம் என்று அலுவலகத்துக்கு ஒரு கேடயம் வந்தது. இயக்குநர் அதைத் தன் மேஜையில் வைத்துக்கொண்டார். அவளுடைய ஆணையில்தான் இன்னும் கையெழுத்து விழவில்லை.

இப்படியிருக்கையில் பறிமுதல் பொருட்கள் சரிபார்ப்பு வந்தது. கோடரிகள் சரியாக இருந்தன. வலைகள் சரியாக இருந்தன. டப்பாகூட அலமாரியில் பத்திரமாக இருந்தது. டப்பாவுக்குரிய பொருளைக் காட்டு என்றபோது கேட்காரர் சாவடிக்குப் பின்னால் கூட்டிப்போனார். குச்சி நின்றது. அட்டை நின்றது. தரையில் ஒன்றும் இல்லை. துடைத்து வைத்த மாதிரி வெறும் மண். பறிமுதல் செய்த சில நாளிலேயே வாடை நின்றுவிட்டது அவருக்குத் தெரியும். கடவுள் புண்ணியம் என்று அவர் திரும்பிப் பார்க்கவே இல்லை.

அரசாங்கக் காவலில் இருந்த பொருளைக் கையாடல் செய்ததாகக் கேட்காரரை அன்றே தற்காலிகப் பணிநீக்கம் செய்தார்கள். விசாரணை சாவடியிலேயே நடந்தது. இயக்குநர் நாற்காலியில், கண்காணிப்பாளர் நின்றுகொண்டு. சாட்சியாக வண்டம்மாவைக் கூப்பிட்டிருந்தார்கள், பொருள் அவளுடையது என்பதால். கேட்காரர் தொப்பியைக் கையில் வைத்துக் கசக்கிக்கொண்டிருந்தார்.

"அதை எடுத்துட்டுப் போயி நான் என்ன சார் பண்ணப் போறேன்?" என்று அவர் கேட்டார்.

அதைத்தான் நாங்கள் கேட்கிறோம் என்றார் கண்காணிப்பாளர்.

வண்டம்மா குச்சியைச் சுற்றி இருந்த மண்ணைப் பார்த்தாள். சின்னச் சின்னதாக மண் குவியல்கள். ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரு துளை. அவளுக்குப் புரிந்துவிட்டது. "சார், வண்டுதான் எடுத்துட்டுப் போயிருக்கு" என்றாள்.

"எந்த வண்டு? இந்தக் காட்டுல வண்டே இல்லைன்னு நீங்கதானம்மா கையெழுத்துப் போட்டிருக்கீங்க." கண்காணிப்பாளர் அறிக்கையை நீட்டினார். "வண்டு இல்லைன்னா ஆள்தான். ஆள்னா இவர்தான்."

கேட்காரர் அவளைப் பார்த்தார்.  அவருடைய பெண்ணுக்கு அப்போதுதான் நர்சிங் படிப்பில் இடம் கிடைத்திருந்தது. வண்டம்மாவின் பையில், இன்று கையெழுத்தாகிவிடும் என்று நம்பிக் கொண்டுவந்த புதுப்பிப்பு ஆணை இருந்தது.  அவள் யாரிடமும் கேட்காமல், சாவடிச் சுவரில் சாய்த்து வைத்திருந்த மண்வெட்டியை எடுத்தாள்.

அரையடி தோண்டியதும் முதல் உருண்டை வந்தது. எலுமிச்சம்பழ அளவில், வழுவழுவென்று உருட்டி வைத்த உருண்டை. அடுத்தது, அதற்கடுத்தது என்று வந்துகொண்டே இருந்தன. ஒன்றை உடைத்தாள். உள்ளே கொழுகொழுவென்று ஒரு வெள்ளைப் புழு, வேளாவேளைக்குச் சாப்பிட்ட களையோடு சுருண்டிருந்தது. மண்ணிலிருந்து தாமிர நிறத்தில் ஒரு வண்டு வெளியே வந்து, இயக்குநரின் ஷூ மீது ஏறி நின்றது.

"சார், நான் போட்டது பொய்க் கையெழுத்து," என்றாள்.  "காட்டுல வண்டு இருக்கு. உங்க குழிக்கு வரலை, ஏன்னா அதுமேல சென்ட் அடிச்சுட்டாங்க. இந்த அண்ணன் எதையும் திருடலை."

கண்காணிப்பாளர் வானத்தைப் பார்த்தார். இயக்குநர் அவரைப் பார்க்கவில்லை. சென்ட் பற்றிய பேச்சு காதில் விழுந்ததாகவே தெரியவில்லை. தோண்டி எடுத்துக் குவித்த உருண்டைகளையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். முகத்தில் கோபமில்லை. ஏதோ ஒரு ஏக்கம் இருந்தது.

"இது யாரோடது?" என்று கேட்டார்.

"என் வீட்டுக்காரரோடது சார்."

நாற்காலியைக் கொஞ்சம் அவள் பக்கம் நகர்த்திக்கொண்டார். பிறகு, பக்கத்தில் இருக்கிறவர்களுக்குக் கேட்காத குரலில், "என்ன சாப்பிடுவார்?" என்றார்.

விசாரணை அறிக்கை அழகாக வந்தது. பொருள் திருடு போகவில்லை, காவலில் இருக்கும்போது இயற்கையாக மறைந்தது என்று எழுதினார்கள். கேட்காரர் வேலைக்குத் திரும்பினார். சாவடி காட்டின் எல்லைக்கோட்டுக்கு வெளியே இருப்பதால் அங்கே கிடைத்த வண்டுகள் காட்டைச் சேர்ந்தவை அல்ல, எனவே கேடயத்துக்குக் குந்தகமில்லை என்றும் சேர்த்தார்கள். பொய்க் கையெழுத்துப் போட்டதைத் தானே ஒப்புக்கொண்டவளுக்கு ஒப்பந்தம் புதுப்பிப்பது நேர்மைக்கு உகந்ததல்ல என்று கடைசி வரியில் இருந்தது.

வண்டம்மா டைல்ஸ் கடையில் கல்லாவில் உட்கார்ந்தாள். பளபளவென்று கழுவிவிட்ட தரை, ஒரு பூச்சி பொட்டு கிடையாது. நாத்தனார் புருஷன் ஒருநாள்கூட அவளைச் சீண்டாமல் விடவில்லை.  வீட்டில் கணவர் காலையில் ஒரு நிமிஷம் டப்பா இருந்த இடத்தைப் பார்த்துவிட்டுப் பஸ் எடுக்கப் போவார். அந்த ஒரு நிமிஷம்தான் அவளுக்குத் தாங்கவில்லை.

அடுத்த வருஷத்து முதல் மழை ஒரு ராத்திரி முழுக்கப் பெய்தது. பொழுது விடிவதற்கு முன்னாலேயே வாசலில் ஜீப் வந்து நின்றது. கண்காணிப்பாளர் இறங்கினார். கையில் புத்தம்புது எவர்சில்வர் டப்பா. உட்காரச் சொல்லியும் உட்காராமல் சுற்றுமுற்றும் பார்த்தார். இயக்குநர் அடுத்த மாதம் ஓய்வு பெறுகிறாராம். அதற்கு முன்னால் மையப் பகுதியில் ஒரு குழி மட்டும் வைத்துப் பார்க்க ஆசைப்படுகிறாராம். அட்டையில் அவர் பெயர்தான் இருக்கும். உள்ளே இருக்கிற சரக்கு மட்டும்…

"சார் ரொம்ப ஆசைப்படறாரும்மா. நான் சென்ட் பக்கமே போகமாட்டேன்."

"எங்க வீட்டுக்காரர் உள்ள போயிட்டாரே சார்" என்றாள் வண்டம்மா, கக்கூஸ் கதவைக் காட்டி.

கண்காணிப்பாளர் டப்பாவைத் திறந்து பிடித்துக்கொண்டு கதவருகே போய்ப் பணிவாக நின்றார். வந்த விஷயத்தை இன்னொரு தடவை, சார் போட்டுச் சொன்னார். 

"போன வருஷம் என் வீட்டம்மாவுக்கு ஒரு ஆர்டர் நின்னுபோச்சுல்ல," என்று கணவரின் குரல் நிதானமாக வந்தது. "அதைப் புதுசா அடிச்சு, கையெழுத்து வாங்கிட்டு வாங்க. கதவுக்கு அடியில தள்ளுங்க. படிச்சுப் பாத்துட்டு மத்ததை யோசிக்கலாம்."

"இயக்குநர் இன்னும் எழுந்திருக்கவே மாட்டாரே சார். அதுவரைக்கும் நீங்க எப்படி…"

"நான் பஸ் டிரைவர். கையெழுத்துப் போட்ட சீட்டு வராம வண்டி டிப்போவை விட்டு நகராது."

கண்காணிப்பாளர் டப்பாவை மூடினார். ஜீப்பை நோக்கி ஓடினார்.